கயிறு பாறையில படக்கூடாது: ஆழமான குகைக் குழிக்கு போல்ட் அடிச்சு கயிறு கட்டுறது எப்படி

இங்கிலாந்துல யார்க்‌ஷயர் பக்கம் கேப்பிங் கில்னு ஒரு குழி, ஓடையே அப்படியே உள்ள விழுந்து கிட்டத்தட்ட 100 மீட்டர் கீழ போகும். 1895-ல எடுவார் மார்தெல்னு ஒரு ஃபிரெஞ்சுக்காரர் கயித்து ஏணியில முதல்ல இறங்கினாரு. இப்ப அந்த மாதிரி ஆழத்துக்கு ஒத்தக் கயிறுதான், இறங்குறதும் அதுலயே ஏறுறதும் அதுலயே. இத படிச்சிட்டு நேரா போய் தொங்கிடாதீங்க, தெரிஞ்ச ஆளோட நாலு தடவ போயி கட்டிப் பழகணும்.

மொதல்ல ஒண்ண மண்டையில ஏத்திக்கோங்க, கயிறு பாறையில உரசவே கூடாது. ஊர்ல பழைய கிணத்து விளிம்புக் கல்ல பாத்திருப்பீங்க, கயிறு உரசி உரசியே பள்ளம் விழுந்திருக்கும். குகையில கதை உல்டா. ஆள் ஜூமார்ல (கயித்தக் கவ்விப் பிடிச்சு மேல ஏற உதவுற கருவி) ஏறும்போது ஒவ்வொரு எட்டுக்கும் கயிறு நீண்டு சுருங்கும், அந்த ஆட்டத்துல பாறை விளிம்பு ஒரே இடத்த ரம்பம் மாதிரி அறுத்துக்கிட்டே இருக்கும். போல்ட் எங்க அடிக்கிறதுங்கிற முடிவெல்லாம் இதுலேர்ந்துதான் வருது.

கயிறு 9லேர்ந்து 10.5 மில்லிமீட்டர் தடிமன்ல செமி ஸ்டாட்டிக், அதாவது அதிகம் நீளாத கயிறு, மலையேறுற டைனமிக் கயிறு ரப்பர் மாதிரி இழுக்கும், வேணாம். புதுசுன்னா தண்ணியில ஊறப்போட்டு சுருங்கினதுக்கு அப்புறம் அளங்க. பையில திணிக்கிறதுக்கு முன்னாடியே அடி முனையில முடிச்சு போடுங்க, அப்பதான் கயிறு பத்தாம போனாலும் முனையத் தாண்டி நழுவி விழ மாட்டீங்க.

போல்ட்டுக்கு வருவோம். பிரபலமான குழிகள்ல ஏற்கனவே ரெசின் (பசை) ஊத்தி ஒட்டின ஆங்கர், அதாவது கயிறு கட்டுற கொக்கி, இருக்கும், அங்க புதுசா துளை போடுறது அநியாயம். இல்லாத இடத்துல சுத்தியலால பாறைய தட்டிப் பாருங்க, டங்குனு கணீர்னு கேட்டா சரி, டொக்குனு கேட்டா உள்ள பொத்தல், நகருங்க. வழவழன்னு படிஞ்ச கால்சைட் (தண்ணி சொட்டிப் படிஞ்ச சுண்ணாம்புப் படிவம்) மேல அடிக்காதீங்க, விரிசல், விளிம்புலேர்ந்தும் தள்ளியே இருங்க. 8 மில்லிமீட்டர் த்ரூ போல்ட்னா (துளைக்குள்ள விரிஞ்சு பிடிச்சுக்கிற போல்ட்) 8 மில்லிமீட்டர் ட்ரில் பிட்டால பாறைக்கு நேர் குத்தா துளை, அப்புறம் சின்ன ட்யூப்ப உள்ள விட்டு தூசிய ஊதணும் (கண்ண மூடிக்கிட்டு ஊதுங்க, நான் மூடல, அன்னைக்கு பூரா கண்ணு எரிஞ்சுது). தூசி இருந்தா போல்ட் சரியா பிடிக்காது. அடிச்சு இறக்கி ஹேங்கர (கயிறு மாட்டுற ஓட்டை வச்ச தகடு) மாட்டி 13-ம் நம்பர் ஸ்பேனரால இறுக்குங்க, பலத்த காட்டாதீங்க, தண்டு முறிஞ்சிடும்.

குழி வாய்க்கு ரொம்ப பின்னாடியே ரெண்டு போல்ட்ல ஆரம்பிச்சு ட்ராவர்ஸ் லைன், அதாவது விளிம்பு வரைக்கும் பிடிமானத்துக்கு ஒரு பக்கவாட்டுக் கயிறு, கட்டிட்டு வாங்க, விளிம்புல நிக்கும்போது எப்பவும் கௌஸ்டெயில் (இடுப்புப் பட்டையிலேர்ந்து வர்ற கொக்கி வச்ச சின்னக் கயிறு) எதுலயாவது மாட்டியிருக்கணும். தொங்குற இடத்துல ரெண்டு போல்ட் சேர்ந்த ஒய் ஹேங், ரெண்டு போல்ட்லேர்ந்தும் வர்ற கயிறு Y எழுத்து மாதிரி ஒண்ணா சேரும். அந்த ஒய் விரிய விரிய ஆபத்து, 90 டிகிரியில ஒவ்வொரு போல்ட்டும் எடையில 70 சதம் தாங்கும், 120 ஆனா ஒவ்வொண்ணும் முழு எடையவும் தாங்கணும்.

இறங்கும்போது கீழ பாத்துட்டே இருங்க, எங்க கயிறு சுவத்த தொடப்போகுதோ அங்கயே நின்னு இன்னொரு போல்ட் அடிச்சு கயித்த மறுபடி கட்டணும், அதுதான் ரீபிலே. ரெண்டு போல்ட்டுக்கும் நடுவுல ஒரு லூப் விடணும், கிட்டத்தட்ட ஒரு மீட்டர். நான் மொதமொதல்ல கட்டினப்ப கயித்த மிச்சம் பண்றேன்னு லூப்ப டைட்டா விட்டுட்டேன், பின்னாடி வந்தவர் கௌஸ்டெயில மாட்டிட்டாரு ஆனா எடை அதுக்கு இறங்கவே இல்ல, டிசெண்டர்லயே (கயித்துல இறங்குற கருவி) தொங்குது, கழட்ட முடியல, 20 நிமிஷம் என்னைத் திட்டிக்கிட்டே இருந்தாரு. ரீபிலே இருந்தா ஒரு துண்டுல ஒருத்தர்னு நாலு பேர் ஒரே நேரத்துல ஏறலாம், அதுவும் லாபம். மெக்சிகோவுல கொலொந்திரினாஸ் மாதிரி 333 மீட்டர் அந்தரத்துல தொங்குற குழின்னா வேற கணக்கு, அங்க ஒரே கயிறு, விளிம்புல உரசாம இருக்க அடியில பேட்.

கயிறு சுவத்துலேர்ந்து லேசா விலகினா போதும்னா, ஸ்லிங் (நாடா வளையம்) போட்டு ஒரு பக்கமா இழுத்து வைக்கிற டீவியேஷன், ஆனா ஸ்லிங் அறுந்தா கயிறு எங்க போய் மோதும்னு யோசிச்சிட்டு போடுங்க. அருவிக்கு பக்கத்துல கட்டவே கட்டாதீங்க, மேல மழை பெஞ்சா ஓடை பொங்கிடும், தண்ணி தலையில கொட்டும்போது ஏறுறது நரகம்.

வெளிய வந்ததும் கயித்த ஓடையில கழுவி நிழல்ல காயப்போடுங்க. கழுவும்போது விரலால முழுசா தடவிட்டு வாங்க, எங்கயாவது பஞ்சு மாதிரி பொசுபொசுன்னோ சப்பையாவோ தட்டுப்பட்டா அங்கயே வெட்டி ரெண்டு சின்னக் கயிறா ஆக்கிடுங்க.