வெளிநாட்டு அரசு பதக்கம் தருகிறதா? அணிவதற்கு முன் செய்ய வேண்டியவை

கூட்டுப் பயிற்சி, அமைதிப்படை, தூதரகப் பணி என்று வேறொரு நாட்டு ராணுவத்தோடு சேர்ந்து உழைத்த அதிகாரிக்கு அந்த நாட்டு அரசு பதக்கம் தர விரும்புவது வழக்கம்தான். கொடுப்பது அவர்கள் விருப்பம், ஆனால் வாங்கலாமா என்று முடிவு செய்வது உங்கள் சொந்த அரசு.

அதனால் பேச்சு காதில் விழுந்த அன்றே மேலதிகாரிக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். விழாவுக்குத் தேதி குறித்து அழைப்பிதழும் போன பிறகு அனுமதி கேட்டு, அது மறுக்கப்பட்டால் இரண்டு தரப்புக்கும் தர்மசங்கடம். விருதின் முழுப் பெயர், எந்த நிலை (பிரான்சின் லெஜியன் தொனர் விருதில் மட்டும் ஐந்து நிலைகள் உண்டு), எந்தக் காலத்துப் பணிக்காக என்பதெல்லாம் கடிதத்தில் இருக்கட்டும். கூடவே பணமோ பட்டமோ பதவியோ வருகிறதா என்பதை ஒளிக்காமல் எழுதுங்கள், சிக்கல் பெரும்பாலும் அங்கேதான். இந்திய அரசியலமைப்பின் 18-ஆவது பிரிவின்படி குடிமக்கள் வெளிநாட்டுப் பட்டம் ஏற்கக் கூடாது. அரசுப் பதவியில் இருப்பவர் வெளிநாட்டு அரசிடம் பரிசோ ஊதியமோ பதவியோ பெற குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். அமெரிக்காவிலும் நாடாளுமன்றத்தின் சம்மதம் இல்லாமல் வாங்க முடியாது என்றுதான் அரசியலமைப்பு சொல்கிறது. பிறகு வந்த சட்டம், போர்க்களச் சேவைக்கோ தனிச்சிறப்பான பணிக்கோ தரப்படும் பதக்கத்தைத் துறையின் ஒப்புதலோடு வைத்துக்கொள்ளலாம், அணியலாம் என்று வழிவிட்டது. ஒப்புதல் வராவிட்டால் அது அரசின் சொத்து, 60 நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும்.

சரி, முன்னறிவிப்பே இல்லாமல் மேடையில் கூப்பிட்டுப் பதக்கத்தைச் சட்டையில் குத்திவிட்டால்? அங்கே நின்று விதி பேச வேண்டாம். மரியாதையாக வாங்கி, நன்றி சொல்லி, அன்று மாலையே நடந்ததை எழுதி அனுப்புங்கள். பதில் வரும்வரை சீருடையில் அது ஏறக் கூடாது.

வாங்க அனுமதி கிடைத்தால் அணியவும் அனுமதி கிடைத்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். 1957 முதல் 1966 வரை மலேசியாவில் பணியாற்றிய வெளிநாட்டு வீரர்களுக்கு மலேசிய அரசு 'பிங்கத் ஜாசா மலேசியா' பதக்கத்தை வழங்கியபோது, பிரிட்டன் தன் வீரர்களிடம் வாங்கிக்கொள்ளலாம், அணியக் கூடாது என்றது. ஆஸ்திரேலிய வீரர்கள் அதே பதக்கத்தை அணிந்தார்கள். பிரிட்டன் வீரர்களுக்கு அந்தத் தடை நீங்கியது 2011-இல்தான். வயதான மனிதர்கள் தாங்கள் உண்மையிலேயே ஈட்டிய பதக்கத்தைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் காத்திருந்தார்கள் என்பது எனக்கு இன்றும் ஆறவில்லை. ரஷ்யாவின் உஷகோவ் பதக்கத்திலும் இதே கதை: இரண்டாம் உலகப் போரில் ஆர்க்டிக் கடல்வழியே சரக்குக் கப்பல்களைக் காத்துச் சென்றவர்களுக்கு அதை ஏற்க 2012-இல் அனுமதி மறுத்த பிரிட்டன், 2013-இல் மனம் மாறியது. பழைய சேவைக்கு இப்போது விருது கூடாது, ஒரே சேவைக்கு இரண்டு பதக்கம் கூடாது என்ற விதிகள் உங்கள் நாட்டிலும் இருக்கலாம், முதலிலேயே கேட்டுவிடுங்கள். ஒருமுறை மறுத்தார்கள் என்பதற்காக விட்டுவிடவும் வேண்டாம்.

அணியும் வரிசையில் பொதுவாகச் சொந்த நாட்டுப் பதக்கங்கள் முதலில், வெளிநாட்டுப் பதக்கங்கள் கடைசியில். அதிலும் எது முன், எது பின் என்பதை உங்கள் படையின் சீருடை விதியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் காகிதம். பாராட்டுரை, சான்றிதழ், அனுமதிக் கடிதம் மூன்றையும் பதக்கத்தோடு சேர்த்து வையுங்கள், நகலும் எடுத்துக்கொள்ளுங்கள். பிரான்சின் குரோவா த கேர் பதக்கத்தையே எடுத்துக்கொள்வோம். முதல் உலகப் போருக்கானது என்றால் பச்சை ரிப்பனில் மெல்லிய சிவப்புக் கோடுகள், இரண்டாம் போருக்கானது சிவப்பில் பச்சை. அந்த ரிப்பன்மேல் இருக்கும் சின்னத்தில்தான் விஷயமே இருக்கிறது: வெண்கல நட்சத்திரம் என்றால் ரெஜிமென்ட் அல்லது பிரிகேட் அளவிலான பாராட்டு, வெள்ளி நட்சத்திரம் டிவிஷன் அளவில், வெண்கலப் பனையோலை பல டிவிஷன்கள் சேர்ந்த 'ஆர்மி' என்ற பெரிய படைத்தொகுதி அளவில். அந்தச் சின்னம் கழன்று தொலைந்தால், எந்த அளவிலான பாராட்டு என்பதைப் பிறகு வீட்டாருக்குச் சொல்லப்போவது அந்தப் பாராட்டுரைதான். அது வேற்று மொழியில் இருந்தால் சான்றளித்த மொழிபெயர்ப்பு ஒன்றை வாங்கி இணைத்து, பணிப்பதிவேட்டில் விருது ஏறியிருக்கிறதா என்று ஓய்வுபெறும் முன் நேரில் பார்த்துவிடுங்கள்.