சின்ன லேத்தில் 540 மோட்டாரின் கம்யூட்டேட்டரைக் கடைவது எப்படி?

தேங்காப்பட்டணம் பொழிமுகத்தில் ரிமோட் படகு விடுகிறவர்களுக்கு இந்த நோய் நன்றாகத் தெரியும். ஆனி, ஆடிக் காற்றில் உப்பும் ஈரமும் படகை ஓட்டும் 540 அளவு மோட்டாருக்குள் இறங்கிவிடும். வேகம் குறையும், பிரஷ் (மின்சாரத்தைக் கடத்தும் கார்பன் துண்டு) பக்கம் பொறி பறக்கும், மோட்டார் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும். பிரஷ் மாற்றியும் சரியாகவில்லை என்றால், பெரும்பாலும் பிரஷ் உரசும் உருளையான கம்யூட்டேட்டரின் செம்பு அரித்து வட்டம் கெட்டிருக்கும். அதைக் கடைந்து எடுத்தால் மோட்டார் திரும்ப உயிர் பெறும். (பிரஷ்லெஸ் மோட்டாரில் கம்யூட்டேட்டரே கிடையாது, இது கார்பன் பிரஷ் உள்ளவற்றுக்கு மட்டும்.)

கழற்றுவது

பின்மூடி திருகாணியில் நிற்கும் மோட்டாராக வாங்குங்கள். தகடு மடித்து மூடியவற்றை இரண்டு தடவை நிமிர்த்தினால் மடிப்பு ஒடிந்துவிடும். மூடிக்கும் உடலுக்கும் குறுக்கே ஒரு கோடு கீறிவிட்டு, முதலில் பிரஷ்களை எடுங்கள். அப்புறம்தான் ஆர்மேச்சர் (கம்பி சுற்றிய, சுழலும் பகுதி). ஷாஃப்டின் இரண்டு பக்கமும் உள்ள வாஷர்கள் எந்த வரிசையில் வந்தனவோ அப்படியே தாளில் ஒட்டி வையுங்கள். காந்தம் உள்ள உடலை லேத் பக்கமே கொண்டுபோக வேண்டாம். இரும்புத் தூள் ஒட்டினால் எடுக்கப் படாத பாடு படவேண்டும்.

கடைவதற்கு முன்னால் மல்ட்டிமீட்டர் வையுங்கள். செம்புத் துண்டுகள் மூன்று. எந்த இரண்டுக்கு இடையில் அளந்தாலும் ஒரே அளவு காட்ட வேண்டும். எந்தத் துண்டுக்கும் ஷாஃப்டுக்கும் தொடர்பு இருக்கக் கூடாது. இருந்தால் வைண்டிங் போய்விட்டது, கடைந்து பயனில்லை.

பிடிப்பது: எல்லாமே இங்கேதான்

ஷாஃப்டை மூன்று தாடைச் சக்கில் கடித்துவிட்டு நேரே கடையத் தொடங்குவதுதான் எல்லாரும் செய்வது. விலை குறைந்த சக்கில் 0.05 மி.மீ. ஓட்டம் (மையம் விலகிச் சுற்றுவது) சர்வசாதாரணம். அந்த ஓட்டத்தோடு கடைந்தால் செம்பு பளபளக்கும், கண்ணுக்கு அழகாகவும் இருக்கும். ஆனால் அது வட்டமாக இருப்பது சக்கின் மையத்துக்கு, ஷாஃப்டின் மையத்துக்கு அல்ல. நிமிடத்துக்கு 15,000 சுற்றில் பிரஷ் நொடிக்கு 250 முறை எம்பி எம்பி விழும். பழைய பொறி அப்படியே திரும்பி வரும்.

அதனால் சக் வேண்டாம், ஈஆர் காலட் (ஷாஃப்டைச் சுற்றிலும் சீராக இறுக்கும் பிடி) வாங்குங்கள். லேத்துக்கு அடுத்தபடியாக நான் காசு போடச் சொல்வது இதற்குத்தான். வெளிப்பக்க ஷாஃப்டைக் காலட்டில் பிடித்து, கம்யூட்டேட்டர் பக்க முனையை டெயில்ஸ்டாக்கில் (லேத்தின் எதிர்முனைத் தாங்கி) ஒரு பித்தளைப் புஷ்ஷில் தாங்க வேண்டும். புஷ் செய்ய ஒரு வழி: பித்தளைத் துண்டை டெயில்ஸ்டாக் சக்கில் இறுக்கி, டிரில்லைக் காலட்டில் பிடித்து ஓட்டுங்கள். துளை தானாகவே ஸ்பிண்டிலின் (லேத்தின் சுழலும் அச்சு) மையத்தில் விழும். அதன்பின் அந்தத் துண்டை அசைக்கவே கூடாது. 540-இன் ஷாஃப்ட் 3.175 மி.மீ., அதாவது கால் அங்குலத்தில் பாதி. 3 மி.மீ. டிரில் போட்டு ரீமரால் (துளையைச் சரியான அளவுக்கு வழிக்கும் கருவி) முடித்தால் ஆட்டம் இருக்காது. பின்முனையைத் தனியாக அளந்துகொள்ளுங்கள், சில மோட்டார்களில் அது மெலிந்திருக்கும்.

ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, டயல் கேஜைக் கம்யூட்டேட்டரை ஒட்டிய ஷாஃப்டில் வையுங்கள். செம்பின் மேல் வைத்தால் இடைவெளிகளில் முள் துள்ளும். கையால் சுற்றும்போது 0.01 மி.மீ.-க்குள் நின்றால் சரி.

கடைவது

சாரம் (லுங்கி) கட்டிக்கொண்டு லேத் முன் நிற்காதீர்கள். கையுறையும் ஆகாது, கண்ணாடி கட்டாயம்.

நன்றாகத் தீட்டிய எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டூல் போதும், உயரம் சரியாக மையத்தில். செம்பு முழுக்கக் கறுப்பு மார்க்கர் பூசுங்கள். 1,500 சுற்று வேகத்தில், ஒரு தடவைக்கு 0.02 மி.மீ., டூலை மெதுவாக நகர்த்துங்கள். வைண்டிங் கம்பி மாட்டிய கொக்கியைத் தொடும் முன் நிறுத்துங்கள். கறுப்பு எங்கும் இல்லாமல் போனதும் வேலை முடிந்தது. அதற்கு மேல் ஒரு இழை கூட எடுக்க வேண்டாம்.

துண்டுகளுக்கு இடையே செம்புப் பிசிறு நின்றால் ஷார்ட் ஆகும். பிளேடு முனையால் வழித்து, சீவிய ஈர்க்கிலால் தூசியைத் தள்ளி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடையுங்கள். பூட்டும்போது புதுப் பிரஷ். மோட்டாரின் புஷ்களுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு; தேங்காய் எண்ணெய் பிசினாகிவிடும். பிறகு 3 வோல்ட்டில் பளு இல்லாமல் சில நிமிடம் ஓடவிட்டால் பிரஷ் முகம் செம்பின் வளைவுக்குப் படிந்துவிடும்.

பின்சேர்க்கை

குளச்சலிலிருந்து ஒரு தம்பி, டிரில் மெஷினில் மாட்டி எமரித் தாளால் தேய்த்தால் போதாதா என்று கேட்டார். போதாது தம்பி. தாள் மேட்டோடு பள்ளத்தையும் சேர்த்தே தேய்க்கும், வட்டம் வராது. எமரித் துகள் செம்பில் பதிந்து பிரஷ்ஷைத் தின்னும்.

எத்தனை முறை கடையலாம் என்றும் கேட்கிறார்கள். புதிதாக வாங்கியதும் விட்டத்தை அளந்து மோட்டார் மேலேயே எழுதிவிடுங்கள். அதிலிருந்து 0.5 மி.மீ. குறைந்தால் நான் அந்த ஆர்மேச்சரை மாற்றிவிடுவேன்.