கமினோ நடைக்குப் போகிறீர்களா? வழியில் படுக்கையும் சாப்பாடும் தேடுவது எப்படி

ஸ்பெயினில் சாந்தியாகோ ஊர்த் தேவாலயத்துக்குப் போகும் கமினோ என்ற யாத்திரைப் பாதையில் நடக்கக் கிளம்புகிற எல்லாரும் முதலில் கேட்பது, "ராத்திரி எங்கே தங்குவது?" என்றுதான். என்னைக் கேட்டால், படுக்கையைவிடச் சாப்பாட்டுக்குத்தான் அதிகம் திட்டம் போட வேண்டும். இந்த ஊரில் படுக்கை இல்லையென்றால் அடுத்த ஊரில் கிடைத்துவிடும். ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்றரை மணிக்கு ஒரு ஸ்பானிய கிராமத்தில் போய் நின்றால், கையில் காசு இருந்தும் வாங்கக் கடை இருக்காது.

இங்கே சொல்வதெல்லாம் பிரெஞ்சுப் பாதை எனப்படும் கமினோ பிரான்செஸ் பற்றி. பிரான்ஸ் பக்கம் சேன் ஜான் பியே தெ போர் என்ற சின்ன ஊரில் தொடங்கி, மலை தாண்டி, வடக்கு ஸ்பெயின் முழுக்க நடந்து சாந்தியாகோ வரை சுமார் 780 கிலோமீட்டர். வழி நெடுக ஊர்கள் இருப்பதால் கூடாரம் சுமக்க வேண்டாம்.

படி 1: யாத்திரை அட்டை வாங்குங்கள்

கிரெடென்சியால் என்ற மடிப்பு அட்டை. சேன் ஜானில் யாத்திரிகர் அலுவலகத்திலேயே சில யூரோக்களுக்குக் கிடைக்கும். தங்கும் இடங்களில் இதைக் காட்டி முத்திரை வாங்க வேண்டும். இது இல்லாமல் யாத்திரிகர் விடுதிகளில் பொதுவாக இடம் தர மாட்டார்கள்.

படி 2: விடுதி வகைகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

யாத்திரிகர் விடுதிக்கு அங்கே அல்பெர்கே என்று பெயர். பெரிய அறையில் அடுக்குக் கட்டில்கள், பொதுக் குளியலறை, துணி காயப்போடக் கொடி. ஊராட்சியோ மாகாண அரசோ நடத்துவது மலிவு. சுமார் பத்து யூரோ. பெரும்பாலும் முன்பதிவு கிடையாது, முதலில் வருகிறவருக்கு முதல் கட்டில். தனியார் விடுதிக்குச் சில யூரோ கூடுதல். ஆனால் போன் செய்து சொல்லி வைக்கலாம். மூன்றாவது, தேவாலயங்களும் தன்னார்வலர்களும் நடத்தும் 'தொனதிவோ' விடுதி. கட்டணம் என்று ஒன்று சொல்ல மாட்டார்கள். முடிந்ததைப் பெட்டியில் போட வேண்டும். இலவசம் என்று நினைத்து நடந்துவிடாதீர்கள். நேற்று வந்தவர் போட்ட காசில்தான் இன்று உங்களுக்குச் சாப்பாடு.

கிரான்யோன் என்ற கிராமத்தில் இப்படி ஒன்று இருக்கிறது. தேவாலயத்தோடு ஒட்டிய இடம். கட்டில் இல்லை, தரையில் மெத்தை விரிப்பு. காணிக்கைப் பெட்டி திறந்தே இருக்கும். சாயங்காலம் வந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து காய் நறுக்கிச் சமைத்து, ஒரே மேசையில் சாப்பிடுவார்கள். வசதி பார்ப்பவர்களுக்கு இது ஒத்துவராது. மற்றவர்கள் ஒரு ராத்திரியாவது இங்கே தங்கிப் பாருங்கள்.

படி 3: முதல் இரவை மட்டும் பதிவு செய்யுங்கள்

சேன் ஜானிலிருந்து ரோன்செஸ்வாயெஸ் வரை பிரெனீஸ் மலை மேல் சுமார் 25 கிலோமீட்டர். முதல் நாளே அவ்வளவு முடியாது என்றால் எட்டு கிலோமீட்டரில் ஓரிசோன் என்ற தங்குமிடம் உண்டு. அங்கே முன்பதிவு இல்லாமல் போகக் கூடாது. ரோன்செஸ்வாயெஸில் பழைய மடத்தை ஒட்டிய பெரிய விடுதிக்கும் பதிந்துவிடுங்கள். அங்கே இறங்கிய கையோடு இரவுச் சாப்பாட்டுக்கும் பெயர் கொடுத்துவிட வேண்டும், ஏனென்றால் பக்கத்தில் மளிகைக் கடை கிடையாது.

அதற்கு மேல் பதிவு செய்தால் கால் கொப்புளம் வந்த நாளிலும் இருபத்தைந்து கிலோமீட்டர் ஓட வேண்டியிருக்கும். காலையில் காபி குடிக்கும்போது அன்றைக்கு எங்கே நிற்கலாம் என்று பார்த்து, ஊர் பெரிய ஊராக இருந்தால் தனியார் விடுதிக்கு ஒரு போன் போடுங்கள். போதும்.

படி 4: மதியத்துக்குள் போய்ச் சேருங்கள்

விடுதிக் கதவு ஒரு மணி, இரண்டு மணி வாக்கில் திறக்கும். அதற்கு முன்பே வாசலில் பைகள் வரிசையாக நிற்கும். உங்கள் பையையும் கடைசியில் வைத்துவிட்டு உட்காரலாம். உள்ளே போனதும் பூட்ஸை வாசல் அலமாரியில் விடுங்கள். பையைக் கட்டில் மேல் வைக்காதீர்கள். மெத்தையின் தையல் ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள். கறுப்புப் புள்ளிகள் இருந்தால் மூட்டைப்பூச்சி. பேசாமல் போய் விடுதிக்காரரிடம் சொல்லி வேறு இடம் கேளுங்கள்.

ராத்திரி பத்து மணிக்கு விளக்கணைப்பு. காலை எட்டுக்குள் கிளம்பிவிட வேண்டும். குறட்டைக்குக் காது அடைப்பான் கட்டாயம்.

படி 5: கடை நேரத்தை வைத்துச் சாப்பாட்டைத் திட்டமிடுங்கள்

கிராமத்துக் கடைகள் மதியம் இரண்டு மணிக்குச் சாத்தினால் ஐந்து மணிக்கு மேல்தான் திறக்கும். ஞாயிறு முழுக்க மூடல். அதனால் சனிக்கிழமை சாயங்காலமே ரொட்டி, சீஸ், பழம் வாங்கிப் பையில் போட்டுவிடுங்கள். சாதாரண உணவகத்தில் இரவுச் சாப்பாடு எட்டரைக்குத்தான். நடந்து களைத்தவர்களுக்காக ஏழு மணி வாக்கிலேயே 'யாத்திரிகர் மெனு' போடும் இடங்கள் இருக்கின்றன: முதல் தட்டு, இரண்டாம் தட்டு, இனிப்பு, ரொட்டி, கூடவே ஒயின்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும். 'என்சலாதா மிஸ்தா' என்ற கலவைக் காய் தட்டில் பெரும்பாலும் சூரை மீன் கிடக்கும். 'வெஹெதால்' சாண்ட்விச் என்று பெயரைப் பார்த்து வாங்கினால் உள்ளே சூரையோ பன்றித் தொடையோ இருக்கும். பருப்புச் சூப்பில் சோரிசோ என்ற பன்றித் தொத்திறைச்சி, பாதை முடிகிற கலீசியா மாகாணத்தின் கீரைச் சூப்பில் பன்றிக் கொழுப்பு. 'சின் கார்னே, சின் அதூன்' (இறைச்சி வேண்டாம், சூரை வேண்டாம்) என்று சொல்லிப் பழகுங்கள். முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் பிரச்சினை பாதி தீர்ந்தது. தொர்தியா என்ற உருளைக்கிழங்கு போட்ட முட்டை அடை எந்தக் காபிக் கடையிலும் கிடைக்கும்.

என் சிபாரிசு, சமையலறை உள்ள விடுதியாகப் பார்த்து வாரத்தில் சில நாள் நீங்களே பொங்கித் தின்பது. சூப்பர் மார்க்கெட்டில் வேகவைத்த கொண்டைக்கடலை கண்ணாடி ஜாடியில் இருக்கும். வெங்காயம், தக்காளி வதக்கி, ஊரிலிருந்து கொண்டுபோன மிளகாய்ப்பொடி ஒரு ஸ்பூன் போட்டு அதைக் கொட்டினால் கால் மணி நேரத்தில் குழம்பு ரெடி. தயிர் சாதமும் செய்யலாம். ஆனால் தயிர் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். 'அசுகராதோ' என்று இருந்தால் சர்க்கரை போட்டது. கலீசியா மாகாண விடுதிகளில் அடுப்பு இருக்கும், பல இடங்களில் பாத்திரம் இருக்காது. ஒரு சின்ன அலுமினியக் குண்டான் அங்கே கைகொடுக்கும்.

படி 6: ஊரே இல்லாத தூரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்

கர்ரியோன் தெ லோஸ் கோந்தேஸ் தாண்டினால் அடுத்த ஊர் கல்சாதீயா தெ லா குவேசா, 17 கிலோமீட்டர். நடுவில் கிராமம் இல்லை, நிழலும் குறைவு. முதல் நாள் சாயங்காலமே கர்ரியோனில் சாப்பாடு வாங்கி, காலையில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு கிளம்ப வேண்டும். வழிக் குழாய்களில் 'நோ போதாப்லே' என்று எழுதியிருந்தால் அது குடிக்கிற தண்ணீர் அல்ல.

சாரியாவுக்கு அப்புறம்

கணக்கு மாறுவது இங்கேதான். கடைசி 100 கிலோமீட்டர் நடந்தாலே யாத்திரை முடித்த சான்றிதழ் உண்டு என்பதால், அந்தத் தூரத்துக்குச் சற்று முன்னால் இருக்கும் சாரியா என்ற ஊரில் புதிதாக ஒரு கூட்டம் சேரும். கோடையில் மட்டும் போர்த்தோமரின், பாலாஸ் தெ ரெய், அர்சுவா மூன்றுக்கும் ஒன்றிரண்டு நாள் முன்னாலேயே பதிந்துவிடுங்கள், அல்லது இந்த ஊர்களுக்கு நடுவில் இருக்கும் குட்டிக் கிராமங்களில் நில்லுங்கள். இந்தப் பகுதியில் ஒரு நாளைக்கு இரண்டு முத்திரை வேண்டும். ஒன்று விடுதியில் கிடைக்கும். இன்னொன்றைக் காலையில் காபி குடிக்கிற கடையில் கேட்டால் போட்டுக் கொடுப்பார்கள்.