டாம்கேட்டை நிறுத்தாமல் புது வெர்ஷன் ஏற்றுவது எப்படி?

ஆன்லைன் கடை ஒன்றின் ஜாவா அப்ளிகேஷன் டாம்கேட் சர்வரில் ஓடுகிறது. நண்பகலில் ஒரு பிழை கண்ணில் படுகிறது, உடனே திருத்தி ஏற்ற வேண்டும். பழைய வார் கோப்பின் (அப்ளிகேஷன் முழுவதையும் ஒன்றாகக் கட்டிய கோப்பு) மேலேயே புதியதைப் போட்டால் டாம்கேட் ஏற்றிக்கொள்ளும், ஆனால் அந்தச் சில விநாடிகளில் வருகிறவர்களுக்குப் பக்கம் திறக்காது. டாம்கேட் 7-இல் வந்த பேரலல் டிப்ளாய்மென்ட் வசதி இதற்குத்தான். பழையதும் புதியதும் ஒரே முகவரியில் பக்கத்து பக்கத்தில் ஓடும்.

இரண்டிலும் ஒரே பெயரில் கிளாஸ்கள் இருக்குமே, மோதாதா? மோதாது. ஜாவாவை ஓட்டும் ஜேவிஎம்முக்கு ஒரு கிளாஸின் பெயர் மட்டும் போதாது, அதை எந்த கிளாஸ் லோடர் (கிளாஸ்களை நினைவகத்துக்குள் கொண்டுவரும் பகுதி) ஏற்றியது என்பதும் சேர்ந்துதான் அடையாளம். ஒரே வகுப்பில் இரண்டு முருகன் இருந்தால் இனிஷியலை வைத்துப் பிரிக்கிறோமே, அதே மாதிரி. டாம்கேட் ஒவ்வொரு அப்ளிகேஷனுக்கும் தனி கிளாஸ் லோடர் தருகிறது. டாம்கேட்டின் பொதுவான லிப் ஃபோல்டரில் கிடக்கும் ஜார்களுக்கு (ஜாவா லைப்ரரி கோப்புகள்) மட்டும் இது பொருந்தாது. அவற்றை மாற்றினால் ரீஸ்டார்ட் செய்யத்தான் வேண்டும்.

சரி, வேலைக்கு வருவோம்.

முதலில் பெயர். வார் கோப்பின் பெயரில் இரண்டு ஹேஷ் குறி போட்டு வெர்ஷன் எண்ணைச் சேர்க்க வேண்டும்: கடை##001.வார், அடுத்தது கடை##002.வார். முகவரியில் இந்த எண் தெரியாது. மூன்று இலக்கமாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. டாம்கேட் இதை எண்ணாகப் பார்க்காமல் எழுத்தாக ஒப்பிடுகிறது, அதனால் 10-ஐ விட 9 புதியது என்று முடிவு கட்டிவிடும்.

இரண்டாவது, சர்வர்.எக்ஸ்எம்எல் கோப்பில் ஹோஸ்ட் என்ற பகுதி. புது வார் கோப்பைத் தானாக ஏற்றும் ஆட்டோடிப்ளாய் இயல்பாகவே ட்ரூ என்றுதான் இருக்கும். அதோடு அன்டிப்ளாய்ஓல்ட்வெர்ஷன்ஸ் என்பதையும் ட்ரூ ஆக்குங்கள். பழைய வெர்ஷனில் செஷன் (ஒரு பயனருக்காக சர்வர் வைத்திருக்கும் தொடர்பு விவரம்) எதுவும் மிச்சமில்லை என்றானதும் டாம்கேட் தானாகவே அதை இறக்கிவிடும். இறக்கும்போது அதன் வார் கோப்பையும் அழித்துவிடும், எனவே ஒரு நகலை வேறிடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த மாற்றத்துக்கு மட்டும் ஒருமுறை ரீஸ்டார்ட் தேவை, கூட்டம் இல்லாத நேரத்தில் செய்துவிடலாம்.

மூன்றாவது, கோப்பைக் கொண்டுபோய் வைப்பது. இதில்தான் நான் மாட்டிக்கொண்டேன். என் லேப்டாப்பிலிருந்து நேராக, டாம்கேட் வார் கோப்புகளை எடுக்கும் வெப்ஆப்ஸ் ஃபோல்டருக்குள் காப்பி செய்தேன். நெட் மெதுவாக இருந்தது. டாம்கேட் இயல்பாக 10 விநாடிக்கு ஒருமுறை அந்த ஃபோல்டரைப் பார்க்கும். பாதி வந்திருந்த கோப்பைத் திறக்கப் பார்த்து, ஜிப் பிழையோடு நின்றுவிட்டது. அதிலிருந்து முதலில் அதே டிஸ்க் பார்ட்டிஷனில் வேறொரு ஃபோல்டருக்குக் காப்பி செய்கிறேன், முழுதாக வந்ததும் லினக்ஸின் எம்வி கட்டளையால் நகர்த்துகிறேன். ஒரே பார்ட்டிஷனுக்குள் நகர்த்தும்போது பெயர் மட்டுமே மாறுகிறது, பாதிக் கோப்பு என்ற நிலையே வராது.

அப்புறம் டாம்கேட்டின் பதிவுக் கோப்பான கேட்டலினா லாகைப் பாருங்கள். 002 ஏறி முடிந்ததாக ஒரு வரி வரும். ஏற்கெனவே திறந்து வைத்திருக்கும் பிரவுசரில் பக்கத்தை ரெஃப்ரெஷ் செய்தால் பழையதுதான் தெரியும். பிரைவேட் விண்டோவில் திறந்தால் புதியது. ஜேசெஷன்ஐடி குக்கியை வைத்து, செஷன் எந்த வெர்ஷனில் இருக்கிறதோ அங்கேயே டாம்கேட் அனுப்புகிறது. கூடையில் பொருள் எடுத்து வைத்தவருக்குக் கூடை கலையாது.

ஏற்றுவதற்கு முன்பே இரண்டு விஷயங்களை யோசித்துவிடுங்கள். இரண்டு வெர்ஷனும் ஒரே டேட்டாபேஸைத் தொடுகின்றன. 002-க்காக டேபிளில் ஒரு நெடுவரிசையின் பெயரை மாற்றினால் 001-இல் இருப்பவர்களுக்குப் பக்கம் உடையும். முதலில் புது நெடுவரிசையைச் சேர்த்துவிட்டு, பழையதை அடுத்த வெளியீட்டில் நீக்குங்கள். இன்னொன்று, அப்ளிகேஷனுக்குள் நேரம் குறித்து ஓடும் வேலைகள். மணிக்கொருமுறை மெயில் அனுப்பும் டைமர் இரண்டு வெர்ஷனிலும் ஓடும், வாடிக்கையாளருக்கு ஒரே மெயில் இரண்டாகப் போகும். அந்த வேலைகளைத் தனி அப்ளிகேஷனாகப் பிரித்துவிடுவதுதான் நல்லது என்பது என் கருத்து.

கடைசிப் படியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். பழையது இறங்கியதாக லாக் சொன்னாலும், நினைவகத்தை விட்டுப் போயிருக்க வேண்டும் என்பதில்லை. நீங்கள் தொடங்கிய ஒரு த்ரெட் (பின்னணியில் தனியாக ஓடும் வேலை) இன்னும் ஓடினாலோ, ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனியாக உள்ள சேமிப்பான த்ரெட்லோக்கலில் உங்கள் ஆப்ஜெக்ட் ஒன்று தங்கிவிட்டாலோ போதும், பழைய கிளாஸ் லோடர் தன் எல்லா கிளாஸ்களோடும் அங்கேயே உட்கார்ந்திருக்கும். நாலைந்து முறை ஏற்றிய பிறகு ஒருநாள், கிளாஸ்களுக்கான நினைவகப் பகுதியான மெட்டாஸ்பேஸ் நிரம்பி சர்வர் விழும். எனவே அப்ளிகேஷன் இறங்கும்போது டாம்கேட் கூப்பிடும் சர்வ்லெட்கான்டெக்ஸ்ட்லிசனரின் கான்டெக்ஸ்ட்டெஸ்ட்ராய்ட் மெத்தடில் த்ரெட்களையும் டைமர்களையும் நிறுத்துங்கள், டேட்டாபேஸோடு பேச அப்ளிகேஷன் பதிந்த ஜேடிபிசி டிரைவரை நீக்குங்கள். பிறகு டாம்கேட்டின் மேனேஜர் பக்கத்தில், இப்படி நினைவகத்தில் தங்கிவிட்டவற்றை (லீக்) காட்டும் ஃபைண்ட் லீக்ஸ் பட்டனை அழுத்துங்கள். அது முழு கார்பேஜ் கலெக்‌ஷனை (பயன்படாத நினைவகத்தைக் காலிசெய்வது) தூண்டும் என்பதால், கூட்ட நேரத்தில் லைவ் சர்வரில் வேண்டாம், டெஸ்ட் சர்வரில் பாருங்கள். கடையின் பெயர் அந்தப் பட்டியலில் வந்தால், 003-ஐ ஏற்றுவதற்கு முன் அந்த லீக்கைச் சரிசெய்யுங்கள்.