ஸ்பானிஷ் கண்டிஷனல்: தமிழ் வழியே நுழையும் தவறுகள்

கண்டிஷனல் என்பது 'இருந்தால் செய்வேன்' என்று கற்பனையாகச் சொல்ல உதவும் ஸ்பானிஷ் வினை வடிவம். இதில் மனப்பாடம் செய்ய வேண்டிய விகுதிகள் ஆறுதான்: ஈயா, ஈயாஸ், ஈயா, ஈயாமோஸ், ஈயாய்ஸ், ஈயான். வினை ஆர், ஏர், ஈர் என எதில் முடிந்தாலும் இவையே.

நிகழ்காலத்துக்குப் பழகிய கை முதலில் ஆர், ஏரை வெட்டப் பார்க்கும். இங்கே எதையும் வெட்டக்கூடாது; தெனேர் (வைத்திரு; தெந்த்ரீயா ஆகும்) போன்ற சில ஒழுங்கற்ற வினைகள் தவிர, முழு வினையோடு விகுதியை ஒட்ட வேண்டும். அப்லார் (பேசு) என்பது அப்லரீயா ஆகும். வெட்டி 'அப்லீயா' என்றால் அப்படியொரு வடிவமே இல்லை, கேட்பவர் திருத்திவிடுவார். கொமேரை (சாப்பிடு) வெட்டினால்தான் வம்பு. கொமீயா என்று வரும். அது சரியான சொல்தான், ஆனால் பொருள் 'சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்'. நமக்கு வேண்டியது கொமெரீயா. பிபிர் (வாழ்) வினையின் பிபீயா, பிபிரீயா இரண்டுக்கும் இதே கதை. ஆறு வடிவங்களிலும் ஈ ஒலிக்குரிய எழுத்தின் மேல் சாய்கோடு உண்டு, விடாதீர்கள்.

இதைவிடப் பெரிய குழப்பம் தமிழிலிருந்தே வருகிறது. 'பணம் இருந்தால் புத்தகம் வாங்குவேன்' என்ற ஒரே வாக்கியத்தை நாம் இரண்டு பொருளில் சொல்கிறோம். பணம் வர வாய்ப்பிருந்தால் ஸ்பானிஷில் 'சி தெங்கோ தினேரோ, கொம்ப்ரரே எல் லீப்ரோ'. இதில் கண்டிஷனலுக்கு வேலை இல்லை. கையில் பணமில்லை, சும்மா கற்பனை என்றால் 'சி துபியேரா தினேரோ, கொம்ப்ரரீயா எல் லீப்ரோ'. சந்தேகம் வந்தால் வாக்கியத்தின் முடிவில் 'ஆனால் இல்லையே' என்று சேர்த்துப் பாருங்கள். பொருந்தினால் கொம்ப்ரரீயா.

'சி'க்குப் (நம் 'இருந்தால்' என்பதிலுள்ள 'ஆல்') பின்னாலும் கண்டிஷனலைப் போட்டு, 'சி துபியேரா'வுக்குப் பதில் 'சி தெந்த்ரீயா' என்பது இன்னொரு தவறு. வட ஸ்பெயினில் பாஸ்க் நாடு, புர்கோஸ் பக்கத்துப் பேச்சில் இது காதில் விழும். பொது வழக்கு ஏற்பதில்லை, தேர்வில் எழுதினால் மதிப்பெண் போகும்.

'பாட்டி தினமும் கதை சொல்வாள்' என்று பழைய வழக்கத்தையும் நாம் எதிர்கால வடிவில் சொல்கிறோம். அதைப் பார்த்து 'கொந்தரீயா' என்று எழுதாதீர்கள், பழக்கத்துக்கு 'கொந்தாபா'தான்.

'எழுதுவேன் என்றான்' என்பதில் நிலைமை நேர்மாறு. அவன் சொன்னது முடிந்த காலத்தில் என்பதால் அங்கே கண்டிஷனல் வேண்டும்: 'தீஹோ கே எஸ்க்ரிபிரீயா'. ஆனால் இதில் எழுதப்போவது அவனா, நானா? 'நான்', 'அவன்' இரண்டுக்கும் விகுதி ஒன்றே. குழப்பம் வருமிடத்தில் யோ (நான்), எல் (அவன்) என்ற சொற்களை விடாமல் எழுதுங்கள்.