ஒரே ஸ்டாஃபில் இரண்டு குரல்: ரெஸ்ட் போடும் முறை

திருப்பூரில் எங்கள் சர்ச் பாடகர் குழுவுக்குப் பயிற்சி சனிக்கிழமை இரவு எட்டரைக்குத்தான் தொடங்கும். அன்று சம்பள நாள். பனியன் கம்பெனியில் செக்கிங், பவர்டேபிள் வேலையை முடித்து, சம்பளம் வாங்கி, கடைகண்ணிக்குப் போய்விட்டுத்தான் பாதிப் பேர் வருவார்கள். கிடைக்கும் ஒரு மணி நேரத்தில், தாளைப் பார்த்ததும் பாட வர வேண்டும். அதனால் நானே மியூஸ்ஸ்கோர் என்ற இசைக்குறிப்பு எழுதும் மென்பொருளில் அடித்து ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கிறேன். இலவசம்தான், ஆனால் நான்கு குரல் பாட்டுக்குத் தாராளமாகப் போதும்.

போன கிறிஸ்துமஸுக்கு ஒரு பாட்டில் சோப்ரானோ (பெண்களின் மேல் குரல்) முதலில் எடுக்க, ஆல்டோ (பெண்களின் கீழ் குரல்) இரண்டு தட்டு கழித்துச் சேர வேண்டும். இரண்டும் ஒரே ஸ்டாஃபில், அதாவது ஒரே ஐந்து கோட்டு வரிசையில்தான் இருக்கும். தாள் பார்க்கச் சுத்தமாக இருக்கட்டும் என்று ஆல்டோவின் ரெஸ்டை எல்லாம், அதாவது பாடாமல் நிற்க வேண்டிய நேரத்தைக் காட்டும் குறிகளை எல்லாம், அழித்துவிட்டேன். பயிற்சியில் மூன்று தடவையும் ஒரு தட்டு முன்னாலேயே நுழைந்தார்கள். செக்கிங்கில் வேலை செய்யும் அக்கா ஒருவர் தாளை நீட்டிக் கேட்டார்: "ஏனுங் தம்பி, நாங்க எதை வெச்சு எண்றதுங்?" அவர் கேட்டது நியாயம். சோப்ரானோ பாடும் நேரத்தில் ஆல்டோ சும்மா இருக்கிறது என்றால், அந்தச் சும்மாவையும் எழுதித்தான் ஆக வேண்டும். ஒரு பாரில் (இரண்டு செங்குத்துக் கோட்டுக்கு நடுவில் இருக்கும் கட்டத்தில்) நான்கு தட்டு இருந்தால், ஒவ்வொரு குரலும் தன் நான்கு தட்டைத் தானே நிரப்ப வேண்டும். ஒன்றின் கணக்கை மற்றொன்று பார்க்காது.

போடும் முறை இதுதான். முதலில் சோப்ரானோவை முழுவதும் அடித்து முடியுங்கள். அது வாய்ஸ் 1 (ஒரே ஸ்டாஃபில் வரும் குரல்களுக்கு மென்பொருள் வைத்திருக்கும் எண்), திரையில் தேர்ந்தெடுத்தால் நீல நிறம். அப்புறம் எஸ்கேப் தட்டி வெளியே வந்து, பாரின் முதல் நோட்டைச் சொடுக்கி, N எழுத்தைத் தட்டி நோட் போடும் நிலைக்கு வாருங்கள். இப்போது வாய்ஸ் 2-க்கு மாற வேண்டும். விண்டோஸில் கன்ட்ரோல், ஆல்ட், 2 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் போதும். நிறம் பச்சையாகிவிட்டதா என்று ஒரு தரம் பாருங்கள். 6 அழுத்தி 0 அழுத்தினால் இரண்டு தட்டு ரெஸ்ட் விழும். பிறகு 5 அழுத்தி, மிச்சம் இரண்டு தட்டுக்கும் நோட்டின் எழுத்துகளை அடியுங்கள். ஒரு தட்டு ரெஸ்ட் என்றால் 5, 0. அரைத் தட்டு என்றால் 4, 0.

பச்சையைப் பார்க்காமல் 0 அழுத்தினால் சோப்ரானோவின் நோட் போய், அந்த இடத்தில் ரெஸ்ட் உட்கார்ந்துவிடும். உடனே கன்ட்ரோல் இசட். வாய்ஸ் மாற்றி நீளமாக அடித்துவிட்டீர்கள் என்றால் அழித்து அடிக்க வேண்டாம். அந்தப் பார்களைத் தேர்ந்தெடுத்து, டூல்ஸ் மெனுவில் வாய்ஸ் 1, 2 இரண்டையும் இடம் மாற்றும் வசதி இருக்கிறது.

நம் கீர்த்தனைகளுக்கு இன்னொரு விஷயம் உண்டு. பல பாட்டுகளில் எடுப்பு (பாட்டு தொடங்கும் இடம்) சமத்தில், அதாவது தாளத்தின் முதல் தட்டில், இருக்காது, அரை இடம் தள்ளி வரும். ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையை நான் நான்கு தட்டுப் பார் இரண்டாக எழுதுவேன். அப்போது முதல் தட்டின் முதல் பாதி எல்லாக் குரலுக்கும் ரெஸ்ட். இரண்டு வாய்ஸிலும் 4, 0 போட்டால் ஒரே இடத்தில் மேலும் கீழுமாக இரண்டு ரெஸ்ட் நிற்கும். தாளம் தெரிந்த நம் ஆட்களுக்கு அதைப் பார்த்தால் குழப்பம், இரண்டு எடுப்பா என்று கேட்பார்கள். இதற்கு ஸ்டாஃபின் மேல் வலது சொடுக்குப் போட்டு, ஸ்டாஃப் ப்ராபர்டீஸில் ஒரே மாதிரி ரெஸ்டுகளை ஒன்றாக்கும் வசதியை இயக்கினால் ஒன்றுதான் தெரியும். எடுப்பு ரெஸ்டை மட்டும் எந்தக் காரணத்துக்கும் மறைக்காதீர்கள். மூச்சு எடுக்க வேண்டிய இடமும் அதுதான்.

சரி, எதைத்தான் எடுக்கலாம்? இரண்டு குரலும் ஒரே சுரத்தில், ஒரே வரியாகப் பாடும் பாரில் வாய்ஸ் 2-க்கு முழுப் பார் ரெஸ்ட் கிடந்தால், தேர்ந்தெடுத்து டெலீட் கொடுங்கள், போய்விடும். வாய்ஸ் 1 ரெஸ்ட் அப்படிப் போகாது. வேண்டாம் என்றால் V எழுத்தைத் தட்டி மறைக்கலாம். திரையில் சாம்பலாகத் தெரியும், அச்சில் வராது. பாரின் நடுவில் இருக்கும் வாய்ஸ் 2 ரெஸ்டை டெலீட் செய்யவே வேண்டாம் என்பது என் முடிவு. அந்த இடம் வெறும் ஓட்டையாகிவிடும், ஆல்டோவுக்கு எண்ண ஒன்றும் இருக்காது. நோட்டின் மேல் ரெஸ்ட் இடிக்கிறது என்றால், அதைத் தேர்ந்தெடுத்து மேல், கீழ் அம்புக்குறியால் நகர்த்தினால் சரியாகிவிடும்.

கீழ் ஸ்டாஃபில் டெனர் (ஆண்களின் மேல் குரல்) வாய்ஸ் 1, பேஸ் (ஆண்களின் கீழ் குரல்) வாய்ஸ் 2. முறை அதேதான்.

இப்போதெல்லாம் ஒரு பிரதி மட்டும் அச்செடுத்து, ஆல்டோ வரியை மட்டும் தாளம் போட்டுக்கொண்டு முதலிலிருந்து கடைசிவரை படித்துப் பார்க்கிறேன். எங்கேயாவது கை தட்டு விழும்போது தாளில் நோட்டோ ரெஸ்டோ இல்லை என்றால், கம்ப்யூட்டருக்குத் திரும்பிப் போய் அதைப் போட்டுவிட்டுத்தான் ஜெராக்ஸ் கடைக்குக் கிளம்புவது.