ஒகேனக்கல்லுக்கு நாள் குறிப்பது எப்படி?

ஒகேனக்கல்லுக்குப் புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் நாட்காட்டியில் விடுமுறையைப் பார்த்து நாள் குறிக்கிறார்கள். ஆனால் அங்கே அருவியில் குளிக்க முடியுமா, பரிசல் ஓடுமா என்பதைத் தீர்மானிப்பது பிலிகுண்டுலுவில் அளக்கப்படும் நீர்வரத்துதான். கர்நாடகத்திலிருந்து காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் இடத்தில், கிருஷ்ணகிரி மாவட்டத்தின் காட்டோரத்தில் உள்ள அந்த ஊரில் மத்திய நீர்வள ஆணையத்தின் அளவீட்டு நிலையம் இருக்கிறது. 2018ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி தமிழகத்துக்கு ஆண்டுதோறும் வர வேண்டிய 177.25 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) தண்ணீரும் அங்கேதான் கணக்கிடப்படுகிறது. ஆகவே, பயணத்துக்கு முந்தைய மூன்று நாட்களின் நீர்வரத்தை நாளிதழ்களின் தர்மபுரி மாவட்டச் செய்தியில் பார்த்துக் குறித்துக்கொள்வதே முதல் வேலை.

எண்ணை மட்டும் பார்த்தால் போதாது. அது ஏறுகிறதா, இறங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும். ஒரு கன அடி என்பது ஏறத்தாழ 28 லிட்டர் என்று நினைவில் கொண்டால், விநாடிக்குச் சில ஆயிரம் கன அடி என்ற செய்தியின் பொருள் விளங்கும். குடகில் பெய்யும் மழை கர்நாடகத்தின் கிருஷ்ணராஜசாகர் அணைக்கும், வயநாட்டு மழை கபினி அணைக்கும் வருகிறது. அவை நிரம்பி உபரிநீர் திறக்கப்பட்டால் அடுத்த சில நாட்களில் ஒகேனக்கல்லில் வெள்ளம் தெரியும். அணைகள் மூடியிருக்கின்றன என்பதால் அச்சமில்லை என்றும் எண்ணிவிடக் கூடாது. அணைகளுக்குக் கீழே கனகபுராவுக்கு அருகில் அர்க்காவதி ஆறு காவிரியில் கலக்கிறது; ஒகேனக்கல்லிலேயே சின்னாறு வந்து சேருகிறது. அஞ்செட்டி மலைப்பக்கம் இரவில் இடிமழை பெய்தால், காலையில் தெளிந்திருக்க வேண்டிய நீர் செம்மண் நிறத்தில் ஓடும். கலங்கல் திடீரென்று கூடினால், எவர் சொல்வதற்கும் காத்திராமல் கரையேறிவிடுங்கள்.

ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் நீர்வரத்து ஒரு லட்சம் கன அடியைத் தாண்டிய ஆண்டுகள் உண்டு. அப்போது பாறைகளும் அருவிகளும் ஒரே பரப்பாக வெள்ளத்தில் மறைந்துவிடும். குளிக்கவும் பரிசலில் செல்லவும் மாவட்ட நிர்வாகம் தடை விதிக்கும். ஆடிப்பெருக்குக்கு வரும் குடும்பங்கள் தடையைக் கேள்விப்பட்டு ஏமாற்றத்துடன் திரும்புவது இதனால்தான். தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து நீர் பெரும்பாலும் தணிந்திருக்கும் நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான மாதங்களையே நான் பரிந்துரைப்பேன். கோடையில் தண்ணீர் குறைவுதான். ஆனாலும் நீர் மோதிப் புகைபோல் தெறிப்பதால் ‘புகைக்கல்’ என்று பொருள்படும் கன்னடப் பெயரைப் பெற்ற பாறைகளின் குடைவுகளையும் இடுக்குகளையும் அப்போதுதான் முழுமையாகப் பார்க்க இயலும்.

தர்மபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக ஏறத்தாழ 46 கிலோமீட்டர். காலை எட்டு மணிக்கு முன் சேர்ந்துவிட்டால் கூட்டமும் வெயிலும் ஏறுவதற்குள் பரிசல் பயணத்தை முடித்துக்கொள்ளலாம். கட்டணத்தை அரசுச் சீட்டு வழங்குமிடத்தில் செலுத்துங்கள். ஒரு பரிசலில் எத்தனை பேர் என்று அங்கே சொல்கிறார்களோ, அதற்கு மேல் ஒரு குழந்தையைக்கூட ஏற்றாதீர்கள். மூங்கிலால் பின்னி, அடியில் நீர் புகாத உறை போர்த்திய இந்த வட்டக் கலத்துக்கு முன்பக்கமும் இல்லை, பின்பக்கமும் இல்லை. அடி தட்டையாக இருப்பதால் ஆழமற்ற பாறைகளின் மேல் அது எளிதில் வழுக்கிச் செல்லும். அதே காரணத்தால், எல்லோரும் படம் எடுக்க ஒரே பக்கமாகச் சாய்ந்தால் கவிழ்ந்தும்விடும். எடையைச் சுற்றிலும் பரவவிட்டு, தாழ உட்கார்ந்து, பாதுகாப்பு உடையின் பட்டைகளைக் கரையிலேயே இறுக்கிக்கொள்ள வேண்டும். பரிசலைச் சுழற்றிக் காட்டுவது ஓட்டிகள் வழக்கமாகச் செய்யும் வேடிக்கை. முதியவர்கள் இருந்தால் ஏறும்போதே, “சுத்த வேண்டாம் அண்ணா” என்று சொல்லிவிடுங்கள்.

உயிரினங்களைப் பார்க்க விரும்புவோர் பேச்சைக் குறைத்து, இருகண் நோக்கியைக் கையில் வைத்திருப்பது நல்லது. 2014இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயமும், 2022இல் அறிவிக்கப்பட்ட காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயமும் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் காடுகளில் அமைந்துள்ளன. கரையோர நீர்மருத மரங்களின் உச்சிக்கிளைகளில் சாம்பல் நிற மலை அணிலைத் தேடுங்கள். பாறையின் மேல் மீன்செதில் கலந்த எச்சத்தைக் கண்டால், அது நீர்நாய்க் கூட்டம் வந்துபோகும் இடம் என்று அறியலாம். காலையிலும் மாலையிலும் அவை குடும்பமாக நீந்துவதைக் காணும் வாய்ப்பு உண்டு. குளிர்காலக் காலைகளில் முதலைகள் மணல்திட்டுகளில் வெயில் காயும். அனுமதிக்கப்பட்ட இடங்களைத் தவிர வேறெங்கும் நீரில் இறங்க வேண்டாம் என்பதற்கு, நீர்ச்சுழிகளும் பாசிப் பாறைகளும் மட்டுமன்றி இந்த முதலைகளும் காரணம். சரணாலயத்துக்குள் நடந்து செல்ல வேண்டுமென்றால் வனத்துறையின் அனுமதி பெற்றாக வேண்டும்.

மீனைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கடைகளில் கட்லா, ரோகு, கெளுத்தி, வாளை, ஆரல், ஜிலேபி ஆகியவை கிடைக்கின்றன. மீனை நீங்களே தேர்ந்தெடுத்துக் கொடுத்தால், அங்குள்ள பெண்கள் மசாலா தடவிப் பொரித்தோ குழம்பு வைத்தோ தருவார்கள். செவுள் சிவந்தும், கண் பளிச்சென்றும், விரலால் அழுத்தினால் பள்ளம் விழாமலும் இருப்பதே புது மீன். “ஆத்து மீனாக்கா, டேம் மீனா?” என்று கேட்டால் பெரும்பாலும் உண்மையே சொல்வார்கள்; கீழே விரிந்து கிடக்கும் மேட்டூர் நீர்த்தேக்கத்து மீனும் இங்கே விற்பனைக்கு வருகிறது. கட்லாவும் ரோகுவும் கங்கைப் பக்கத்திலிருந்து கொண்டுவந்து விடப்பட்டவை. ஜிலேபியோ ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. அந்த ஜிலேபியை எவ்வளவு தின்றாலும் காவிரிக்கு நட்டமில்லை என்பது என் கருத்து. மாறாக, காவிரிக்கே உரிய, முதுகில் திமில் போன்ற மேடுடைய மஷீர் கெண்டை இன்று அழிவின் விளிம்பில் இருக்கிறது; அப்படியொன்றை எவராவது விற்க முன்வந்தால் வாங்காதீர்கள். தூண்டில் கொண்டுவருவோர், எங்கே பிடிக்கலாம் என்பதை மீன்வளத் துறையிடமும் வனத்துறையிடமும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். தோட்டா வெடித்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பதை 1897ஆம் ஆண்டின் மீன்வளச் சட்டமே குற்றமாக்கியிருக்கிறது.

எண்ணெய் தேய்த்துக்கொள்வது ஒகேனக்கல்லின் பழைய வழக்கம்; தவிர்க்கச் சொல்ல மனம் வரவில்லை. ஆனால் சீயக்காய்த் தூளைக் கையோடு எடுத்துச் சென்று, சோப்பையும் ஷாம்பு உறைகளையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து பல்லும் எலும்பும் பாதிக்கப்பட்ட தர்மபுரி, கிருஷ்ணகிரி மக்களுக்கு, 2013இல் தொடங்கப்பட்ட கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் வழியாக இந்த ஆற்று நீர்தான் குழாய்களில் வருகிறது.

திரும்பும்போது மாலை ஐந்து மணிக்குள் மலைப்பாதையில் ஏறிவிட வேண்டும். பென்னாகரம் சாலையிலும் அஞ்செட்டி சாலையிலும் பொழுது சாயும் நேரத்தில் யானைகள் கடக்கும். எதிரே யானை நின்றால் ஒலிப்பானை அழுத்தாமல், விளக்கை அடித்துக் காட்டாமல், வண்டியைத் தொலைவிலேயே நிறுத்தி, அது காட்டுக்குள் இறங்கும் வரை உள்ளேயே உட்கார்ந்திருங்கள். குட்டி உடன் இருந்தால், கடைசி யானையும் போய்விட்டது என்று தோன்றிய பிறகும் சில நிமிடங்கள் கழித்தே வண்டியை எடுங்கள்.